வீடு பட்டாவில், படி ஓடையில்

எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்திரத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவையும் ஒரு விரற்கடை மிச்சமில்லாமல் சுவர் எழுப்பிவிடுவார்கள். கூரை போட்டு, பால் காய்ச்ச நாள் குறிக்கும்போதுதான் வீட்டுக்குள் எப்படி ஏறுவது என்ற யோசனையே வரும். கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு வாசலுக்கு எதிரே பார்ப்பார். எதிரே ஓடை கிடக்கும். "சும்மாதான கெடக்கு" என்பார். மறுநாள் படி ஓடைக்குள் இறங்கியிருக்கும்.

தெரு என்று நான் சொல்வதே அந்த ஓடையைத்தான். இராஜபாளையத்தின் மேற்கு ஓரத்தில், மலையிலிருந்து இறங்கிக் கண்மாய்க்குப் போகிற ஓடையின் இரண்டு கரையிலும் எங்கள் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வருஷத்தில் பெரும்பாலும் அதில் தண்ணீர் இருக்காது. மணலில் சைக்கிள் போகும், டூவீலர் போகும், கீரைக்காரி தள்ளுவண்டியோடு வருவாள். புதிதாக வாடகைக்கு வருகிறவர்கள் அதை மண் ரோடு என்றே நினைத்துக்கொள்வார்கள். பழைய ஆட்களுக்கு அது ஓடை என்று தெரியும். தெரிந்தவர்கள்தான் படியும் கட்டினார்கள். வீடு பட்டாவில், படி ஓடையில். என் வீடும் அப்படித்தான்.

இந்த 'சும்மா' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செட்டியார்பட்டிப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து வெட்டின துணி கட்டுக்கட்டாக என் வீட்டுக்கு வருகிறது. காலையில் மிஷினில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை நைட்டி தைக்கிறேன். இடுப்பு கழன்றுவிடும். ஆனாலும் யாராவது வந்து, "வீட்ல சும்மாதான இருக்கீங்க, செத்த நேரம் பிள்ளையைப் பாத்துக்கோங்க" என்று கையில் ஒரு குழந்தையைத் திணித்துவிட்டுப் போவார்கள். பிள்ளை குட்டி இல்லாதவள், புருஷனும் போனவள் என்றால் அவள் சும்மா இருப்பவள்தான் என்பது ஊர்க் கணக்கு. தண்ணீர் ஓடாத ஓடையும் அதே கணக்கில்தான் சேரும். அதனாலேயோ என்னவோ, எனக்கு ஓடையின் பேரில் கொஞ்சம் ஒட்டுதல் இருந்தது.

மனிதர்களில் எனக்கு ஒட்டுதல் என்றால் எதிர்க்கரை வீட்டு அக்காதான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாய் திறக்காத மனிதர். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள். என் வீட்டுக்காரர் மௌத்தாகி, புருஷன் இறந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் நான் இருந்த மாதங்களில், வெளியே தலை காட்டக் கூடாதே என்று உள்ளேயே கிடந்தேன். எங்கள் சொந்தக்காரப் பெண்கள் முதல் சில நாட்கள் வந்தார்கள், பிறகு அவரவர் வீட்டைப் பார்க்கப் போனார்கள். மத்தியானம் தவறாமல் வந்தவள் அக்காதான். "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பாள். நான் பொய் சொல்லியிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடுவேன். ஊர் வம்பெல்லாம் அந்த மாதங்களில் அவள் வாய் வழியாகத்தான் என் வீட்டுக்கு வந்தது. நான் அழாமல் இருந்ததற்கு அந்த வம்புகளுக்கும் பங்கு உண்டு.

அக்கா வீட்டுப் படிகள் ஐந்து. கடப்பாக்கல் பதித்து, இரண்டு பேர் காலை நீட்டி உட்காரும் அகலத்தில் இருந்தன. இத்தா முடிந்த பிறகு சாயங்காலம் நிழல் விழுந்ததும் நான் தைத்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடையைக் கடந்து அங்கே போய்விடுவேன். அவள் சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு பிசிறு நூலை வெட்டித் தருவாள். "இம்புட்டுப் பெரிய நைட்டியை எவ போடப் போறா?" என்று ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துச் சிரிப்பாள். நோன்புக் காலத்தில் நான் கஞ்சி கொடுப்பேன். தூக்குவாளி திரும்பி வரும்போது அதில் முறுக்கோ பணியாரமோ, ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சீனியாவது இருக்கும். "வெறும் ஏனத்தைக் குடுத்தா உறவு வத்திப்போகும்ட்டி" என்பாள்.

என்னை ஏட்டி என்று கூப்பிட அப்போது உலகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று அக்கா. இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் லாத்தா, என் கூடப் பிறந்த மூத்தவள். பக்கவாதம் வந்து அவள் படுக்கையில் விழுந்த பிறகு, அந்தச் சொல்லும் வாய்க்குள்ளேயே குழறிவிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது பஸ் ஏறிப் போய் அவளைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட்டு வருவேன்.

லாத்தா வீட்டுக்கு முன்னாலும் ஓடை இருந்தது. இருந்தது என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் அதை யாரும் பார்க்க முடியாது. குழாய் பதித்து மேலே சிமெண்ட் போட்டு மூடியிருந்தார்கள். ரோடு பளபளவென்று இருக்கும். நான்கூட அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு ஐப்பசி மாதம், மத்தியானம், சுள்ளென்று வெயில். வீட்டில் மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். லாத்தாவுக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் குளிக்கிற அறையில் ஏதோ களகளவென்று சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து விட்டுவிட்டேனோ என்று எழுந்து போனால், தரையில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது, செம்மண் நிறத்தில். திரும்பி முன்வாசலுக்கு வந்தேன். அங்கேயும் தண்ணீர். மலையில் கொட்டியிருக்கிறது, ஊரில் ஒரு தூறல் கிடையாது. குழாய் சின்னக் குழாய், அதற்குள்ளும் பாதி குப்பை. தண்ணீர் வேறு எங்கே போகும்?

லாத்தா கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கட்டில் காலில் ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. வாய் பேசாது, கண்ணை மட்டும் என் மேலும் தண்ணீர் மேலும் மாற்றி மாற்றி வைத்தாள். நான் கத்தின கத்தலில் தெருமுனை டீக்கடைக்காரர் ஓடிவந்தார். இரண்டு பேருமாக அவளைத் தூக்கிச் சாப்பாட்டு மேசை மேல் கிடத்தினோம். அதற்குள் மெத்தை நனைந்து, அவளும் முதுகு முழுக்க நனைந்துவிட்டாள். சளி நெஞ்சைக் கட்டியது. அந்த மாதமே போய்விட்டாள். வெள்ளத்தில் இறந்தாள் என்று யாரும் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்தவள், போய்ச் சேர்ந்தாள் என்றுதான் சொன்னார்கள். பிசைந்த சோறு தண்ணீரில் மிதந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அது நடந்து வெகுகாலம் ஆகவில்லை. எங்கள் தெருவிலும் அதே பேச்சு கிளம்பியது. ஓடையில் குழாய் பதித்து மேலே சிமெண்ட் ரோடு போட்டுத் தரச் சொல்லிக் கேட்போம் என்று தெருக்காரர்கள் கூடினார்கள். கார் வாசலுக்கே வரும், இடத்தின் விலை ஏறும், கொசு ஒழியும். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மனுவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்ததே அக்காதான்.

"ஏட்டி, இதுல ஒரு கையெழுத்துப் போடு. ஆட்டோ வாசலுக்கே வந்துரும். இந்த முழங்காலை வச்சுக்கிட்டு மணல்ல நடந்து ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருது."

அவள் முழங்கால் எனக்குத் தெரியாததா? படியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க என் தோளைத்தான் பிடிப்பாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் லாத்தா வீட்டுத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கும் தெரிந்த கதைதான், மௌத்துக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள்.

"அது அந்த ஊருட்டி. அங்க குழாயைச் சின்னதாப் போட்டுட்டாங்க. இங்க பெரிசாப் போடச் சொல்லுவோம்."

"மலையில கொட்டுறது குழாயைக் கேட்டுக்கிட்டா கொட்டும்? நீ குழாயைப் போட்டு முடிக்கு முன்ன, குப்பையைப் போட இந்தத் தெருவே காத்துக் கெடக்கும்க்கா."

"எம்புட்டு வருசமாச்சு இதுல தண்ணி வந்து? நீ ஒருத்தி போடலைன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அக்கா மனுவை மடித்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமும் நான் துணியை அள்ளிக்கொண்டு போனேன், அவளும் பிசிறு வெட்டினாள். பேச்சு மட்டும் குறைவாக இருந்தது.

அடுத்த வாரம் நகராட்சி ஆபீஸிலிருந்து பொறியாளர் ஒருவர் டேப்போடு வந்தார். என் வயதில் பாதி இருக்கும். தெரு முழுக்கத் திரண்டு நின்றது. அவர் ஓடையை அங்கங்கே அளந்து பார்த்து, இந்தத் திட்டத்தில் யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பேனாவை மூடப் போனார்.

"எனக்கு இருக்கு" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது தெருவுக்குத் தெரியும், ஆனால் அன்று என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மலைத் தண்ணீர் எப்படி வரும், குழாய்க்குள் எப்படி முட்டும், வீட்டுக்குள் எந்த வழியாக ஏறும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். லாத்தாவைப் பற்றியும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மறுபடியும் டேப்பை எடுத்தார். இந்த முறை படிகளுக்கு நடுவில் அளந்தார்.

"நீங்க சொல்றது நியாயந்தான்மா. ஆனா ஓடையை ஓடையா விடணும்னா, அதுக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் எடுக்கணும். எதிரும் புதிருமா படி கட்டி, பாதி ஓடையை நீங்களே அடைச்சு வச்சிருக்கீங்க. உங்க படியும் அதுல சேரும்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. நான் குழாயைப் பற்றி நினைத்தேனே தவிரப் படியை நினைக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பின்வாங்கினால் மனு ஜெயித்துவிடும். லாத்தாவின் கண் ஞாபகம் வந்தது.

"அப்போ மொதல்ல என் படியில இருந்து ஆரம்பிங்க" என்றேன்.

அவர் போன பிறகு தெருவே என்மேல் பாய்ந்தது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. படித்த மேதாவி வந்துட்டா என்றார்கள். பிள்ளை குட்டி இருந்தால் இந்தப் புத்தி வந்திருக்காது என்றும் ஒருத்தி சொன்னாள். அது எல்லாம் எனக்குப் பழக்கம். அக்கா கூட்டம் கலையும்வரை நின்றாள். பிறகு என் முன்னால் வந்தாள்.

"இனிமே எம் வீட்டுப் படி ஏறாத."

கோபத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அதைக் காப்பாற்ற நான் சிரமமே படவில்லை. ஆபீஸில் குழாய்த் திட்டத்தைக் கைவிட்டார்கள். சில நாளில் பொக்லைன் வந்து என் படியை முதலில் எடுத்தது, பிறகு வரிசையாக மற்றவர்களுடையதை. அக்கா வீட்டுக் கடப்பாக்கல் ஐந்தும் உடைந்து ஓடையில் கிடந்தன. ஏற அங்கே படியே இல்லை.

எல்லாரும் முன் அறையை வெட்டி வீட்டுக்குள்ளேயே படி வைத்துக்கொண்டார்கள். அகலம் கிடையாது, ஒவ்வொன்றும் செங்குத்து. ஓடையிலிருந்து வேலிக்கருவேலும் பழைய மெத்தைகளும் கட்டிட இடிபாடும் லாரி லாரியாகப் போயின. அடிமண்ணை வாரி ஆழப்படுத்தி, இரண்டு கரையிலும் ஆள் நடக்க மட்டும் வழி விட்டார்கள், நடுவில் ஒரு நடைபாலம். டூவீலரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிற ஒவ்வொருவரும் என் வாசலைத் தாண்டும்போது ஒரு பெருமூச்சு விட்டார்கள். எனக்குக் கேட்கும்படியாகவே விட்டார்கள்.

அக்கா வீட்டில் கொத்தனார் வேலை முடிந்த அன்று நான் நடைபாலத்தைத் தாண்டிப் போய் அவள் வாசலில் நின்றேன். "அக்கா, முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாருக்குங்க" என்றாள். "உள்ள வாங்களேன்."

நான் உள்ளே போகவில்லை. அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு அழுது சரியாகியிருப்போம். இந்த 'ங்க'வுக்கு என்ன பதில் இருக்கிறது? ரேஷன் கடைக்காரரிடம் பேசுகிற மரியாதை. என்னைத் திட்டக்கூட இனி உரிமை வேண்டாம் என்று அவள் தள்ளி வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்து அழுதேன். எவளோ போடப் போகிற பூப்போட்ட நைட்டியில்தான் கண்ணைத் துடைத்தேன்.

பெருநாளைக்குச் சேமியா காய்ச்சி, நெய்யில் முந்திரி வறுத்துப் போட்டு, தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதுக்குங்க சிரமம்" என்று வாங்கிக்கொண்டாள். மறுநாள் வாளி என் ஜன்னல் திண்டில் இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, பளிச்சென்று. மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. விரலை விட்டுத் தடவியும் பார்த்தேன், ஒரு சீனி மணி ஒட்டியிருக்காதா என்று. பைத்தியக்காரத்தனம்தான்.

தனிமை என்றால் என்ன என்று என் வீட்டுக்காரர் போனபோது தெரிந்துகொண்டதாக நினைத்திருந்தேன். அது வேறு. செத்தவர் பேசமாட்டார், அதற்கு மனசைப் பழக்கிவிடலாம். எதிர்க் கரையில் உயிரோடு நடமாடுகிற ஒருத்தி, சிரித்துப் பேசுகிறவள், என்னைப் பார்த்ததும் தலையை அளவாக ஆட்டுகிறாள். இதற்கு மனசு பழகவே இல்லை. ஒரு நாள் மத்தியானம் கீரைக்காரி கூடையோடு வந்தபோது விலை கேட்க வாயைத் திறந்தேன், குரல் கட்டிக்கொண்டு வந்தது. அன்று எழுந்ததிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. "சளியாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு நான் மழையை எதிர்பார்க்கத் தொடங்கினேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. தண்ணீர் வர வேண்டும், நிறைய வர வேண்டும், தெருவே அதைப் பார்க்க வேண்டும். பார்த்தபின் அக்கா பாலத்தைத் தாண்டி வந்து "ஏட்டி, நீ சொன்னது சரிதான்" என்பாள். நான் ரொம்பப் பெருந்தன்மையாக "விடுக்கா" என்பேன். துணி தைக்கும்போது இதைப் பல விதமாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சில தடவை அவள் அழுவாள், சில தடவை நான்.

கார்த்திகையில் ஒரு நாள் மேற்கே மலை முழுக்க மறைந்துபோனது. ஊரில் வெயில். கொடியில் போட்ட துணி காய்ந்துகொண்டிருந்தது. முற்பகலில் முதலில் ஒரு வாடை வந்தது, ஈர இலை வாடை. பிறகு இரைச்சல். எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். ஓடையின் மேல் முனையில் சருகும் நுரையுமாகத் தண்ணீர் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் ஓடை நிறைந்துவிட்டது. தென்னை மட்டையும், மாங்கொப்பும், வேரோடு ஒரு வாழையும் எங்கள் வாசல்களைத் தாண்டிக் கண்மாயைப் பார்த்துப் போயின. நடைபாலத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பெரியவர்கள் செல்போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். கல்யாண வீடு போல இருந்தது தெரு.

நான் மட்டும் ஓடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய படிகள் எந்த இடத்தில் இருந்தன என்று எனக்குத் தெரியும். அந்த இடங்களில் இப்போது தண்ணீர் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. குழாயும் ரோடும் இருந்திருந்தால் இந்த நேரம் அக்கா வீட்டு முன் அறையில் எவ்வளவு இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தேன். கட்டில் உயரத்துக்கு இருக்கும். அவள் வீட்டுக்காரர் அந்த அறையில்தான் மத்தியானம் படுப்பார்.

ஒரு வீட்டிலும் தரை நனையவில்லை. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்து கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. கூட்டம் கலைந்தது. அக்கா தன் வாசலில் நின்றிருந்தாள். நான் பாலத்தைத் தாண்டிப் போனேன். பெருமை பேச இல்லை, சத்தியமாக. அவள் பக்கத்தில் செத்த நேரம் நிற்க வேண்டும் போல இருந்தது.

அவளே பேசினாள். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. விளங்காத ஒன்றைக் கேட்கிறவளாகக் கேட்டாள்.

"இம்புட்டுத் தண்ணி வந்துச்சு, ஒரு சொட்டு உள்ள வரலை, பாத்தீங்கள்ல? அதுபாட்டுக்கு வந்துச்சு, அதுபாட்டுக்குப் போயிருச்சு. இதுக்குப் பயந்தா எம் படியை இடிக்க வச்சீங்க?"

நான் வாயைத் திறந்தேன். தெருவில் வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். என்ன சொல்ல? லாத்தா வீட்டில் வந்த தண்ணீரைக் காட்டலாம், சுவரில் கறை இன்னும் இருக்கிறது. அக்கா வீட்டுக்குள் வராத தண்ணீரை நான் எங்கே போய்க் காட்டுவேன்? ஒன்றுமே நடக்காமல் போவதற்காகத்தான் அத்தனையும் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதுவே எனக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது.

"ஆமாக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே திரும்பினாள். அந்தச் செங்குத்துப் படியில் முதல் காலை வைத்ததும் முழங்கால் பிசகியது, நிலையைப் பிடித்துக்கொண்டாள். என் கை தானாக நீண்டது.

"வேண்டாங்க, நானே ஏறிக்கிடுவேன்" என்றாள்.

ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, ஏறினாள். மேலே போனதும் விளக்கைப் போட்டாள். அவள் வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது. எனக்கு அது போதும் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். போதவில்லை.